படத்தைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவர்

சிமுலேஷன் ஓடி முடிஞ்சதும் நாம முதல்ல திறக்கறது நம்பர் இருக்கற ஃபைலை இல்ல, கலர் படத்தைத்தான். ஓப்பன்ஃபோம்ல ஓட்டினாலும் சரி, ஆன்சிஸ்ல ஓட்டினாலும் சரி, சிவப்பு, மஞ்சள், நீலம்னு ஒரு 3டி படம் வந்துட்டா பாதி ரிப்போர்ட் முடிஞ்ச மாதிரி ஒரு நிம்மதி. ரிவ்யூவில் அந்தப் படத்தை மவுஸால் சுழற்றிக் காட்டினால் பார்ப்பவர்களும் தலையாட்டிவிடுவார்கள். ஆனா ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் வராது. அந்தப் படத்துல தெரியறது இயற்கையில நடக்கக்கூடிய விஷயம்தானா?

கம்ப்யூட்டர் திரையில் 3டி படம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், சென்னை கிண்டியில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒருவர் இருந்தார். பயோடெக் நண்பர்களுக்கு அவர் பெயர் ஒரு வரைபடத்தின் பெயராகத் தெரிந்திருக்கும். மெக்கானிக்கல், சிவில், ஈசிஈ பசங்களுக்கு அதுவும் தெரியாது. அவர்தான் ஜி.என்.ராமச்சந்திரன். நம்மில் பெரும்பாலோர் பிறப்பதற்கு முன்பே, 2001இல் இறந்துவிட்டார்.

முப்பரிமாண டேட்டா சம்பந்தமா அவர் செய்த இரண்டு வேலைகள் இன்னைக்கும் உலகம் முழுக்க ஓடிக்கிட்டிருக்கு. ஒன்று, ஒரு மூலக்கூறின் 3டி உருவம் சரியா தப்பா என்று ஒரே தாளில் பார்த்துச் சொல்லும் முறை. இன்னொன்று, தட்டையான எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உடம்பின் உட்புறத்தைக் கணக்குப் போட்டு எடுக்கும் முறை.

எலக்ட்ரிக்கல் வகுப்பிலிருந்து ராமனின் லேபுக்கு

ஜி என்பது கோபாலசமுத்திரம் என்ற திருநெல்வேலிப் பக்கத்து ஊரின் பெயர். என் என்பது அப்பா நாராயண ஐயர். ராமச்சந்திரன் பிறந்தது 1922 அக்டோபர் 8 அன்று, எர்ணாகுளத்தில். அப்பா அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர், பிறகு முதல்வர். அதனால் கணக்கு அவருக்கு வீட்டுப் பாடமாகவே வந்துவிட்டது. பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்து, மெட்ராஸ் மாகாணத்திலேயே முதலிடம் பெற்றார்.

1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் சேர்ந்தது இயற்பியலுக்கு இல்லை, எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்குக்கு. அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் சர் சி.வி.ராமன். எலக்ட்ரிக்கல் துறைத் தலைவரிடம் பேசி இந்த மாணவனைத் தன் துறைக்கு மாற்றிக்கொண்டவர் அவர்தான். ராமச்சந்திரன் ராமனின் கீழ் படிக வடிவங்கள், ஒளி, எக்ஸ்ரே என்று வேலை செய்தார். 1944இல் வைரத்துக்குள் இருக்கும் குறைகளை எக்ஸ்ரே மூலம் படமாக எடுத்தார். உள்ளே இருப்பதை வெட்டாமல் பார்ப்பது என்ற வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் உஸ்டர் என்பவரின் கீழ் இன்னொரு டாக்டர் பட்டம். படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரேயை அளந்து, அந்தப் படிகத்தின் மீள்திறன் எண்களைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. நம்ம ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் யங்ஸ் மாடுலஸ் படிக்கிறோமே, அதன் அக்காள் தங்கைகள்தான் அந்த எண்கள். பிறகு பெங்களூருக்கே திரும்பினார்.

கிண்டியில் ஒரு புதுத் துறை

1952இல் மெட்ராஸ் பல்கலைக்கழகம் இயற்பியலுக்கு ஒரு புதுத் துறை தொடங்க நினைத்தது. துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் முதலில் அணுகியது ராமனைத்தான். ராமன் தன் மாணவர் ராமச்சந்திரன் பெயரைச் சொன்னார். அப்படித்தான் 30 வயதில் ஒருவர் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் கிண்டிக்கு வந்தார்.

அந்த வருடமே ஜே.டி.பெர்னல் என்ற ஆங்கிலேய படிகவியலாளர் மெட்ராஸ் வந்திருந்தார். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை இதுவரை யாரும் திருப்தியாகச் சொல்லவில்லை என்று பேச்சு வந்தது. நம்ம தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது கொலாஜன்தான். பாலூட்டிகளின் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதமும் அதுதான்.

கிண்டி வளாகத்தின் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் பதனிடுவது என்றாலே கொலாஜனைக் கையாளுவதுதான். ஆகவே மாதிரிக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. கங்காரு வாலின் தசைநாண் வரை வந்து சேர்ந்தது. கோபிநாத் கர்த்தா என்ற இளம் ஆய்வாளரோடு ராமச்சந்திரன் வேலையைத் தொடங்கினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஒரு நாரில் எக்ஸ்ரே பாய்ச்சினால் ஃபிலிமில் கிடைப்பது அந்த நாரின் படம் இல்லை. சில புள்ளிகள், சில கோடுகள், அவ்வளவுதான். அதிலிருந்து 3டி அமைப்பை நேராகக் கணக்குப் போட முடியாது. ஒரு அமைப்பை ஊகித்து, பந்தும் கம்பியுமாக மாடல் செய்து, அது அந்தப் புள்ளிகளைத் தருமா என்று திருப்பிச் சரிபார்க்க வேண்டும். இப்போ நாம பண்ற சிமுலேஷன் மாதிரியேதான். மாடல் முதல்ல, டேட்டாவோட ஒப்பிடறது அப்புறம்.

முப்புரிக் கயிறு

கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு அமினோ அமிலம் கிளைசின். கிளைசின்தான் இருப்பதிலேயே சிறியது. பக்கச் சங்கிலி என்று அதில் இருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன். ஏன் இத்தனை கிளைசின்? மூன்று சங்கிலிகள் நெருக்கமாகச் சேர்ந்தால், மூன்றுக்கும் நடுவில் இடமே இருக்காது. அந்த நடுவுக்கு வரும் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் மட்டும்தான் நுழைய முடியும். இந்தப் பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டு, 1954இல் நேச்சர் இதழில் ராமச்சந்திரனும் கர்த்தாவும் மூன்று சங்கிலி மாடலை வெளியிட்டார்கள். 1955இல் அதைத் திருத்தினார்கள். ஒவ்வொரு சங்கிலியும் தனியாக இடப்பக்கம் முறுக்கியிருக்கும். மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று வலப்பக்கமாகச் சுற்றும்.

எங்க ஊர் கரியமாணிக்கத்துல மாடு கட்டற தேங்காய்நார்க் கயிறைப் பிரிச்சுப் பார்த்தா இது உடனே புரியும். ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமா முறுக்கியிருக்கும், புரிகளைச் சேர்த்துத் திரிக்கறது எதிர்ப்பக்கமா இருக்கும். ஒரு முறுக்கு பிரியப் பார்த்தா இன்னொன்னு இறுக்கிடும். அதனாலதான் மாடு இழுத்தாலும் கயிறு பிரியறதில்ல. நம்ம தசைநாணும் அதே கணக்குலதான் நிக்குது.

மெட்ராஸ் என்ற பெயரையும் சேர்த்தே உலகம் அந்த அமைப்பைப் பேசியது. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இன்று இருக்கும் அரங்கின் பெயர் டிரிபிள் ஹெலிக்ஸ் ஆடிட்டோரியம்.

கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு மறுப்பு

ஆனால் சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அதே 1955இல் அலெக்சாண்டர் ரிச், ஃபிரான்சிஸ் கிரிக் இருவரும் கொலாஜனுக்குத் தங்கள் மாடலை வெளியிட்டார்கள். டிஎன்ஏ அமைப்பைக் கண்டுபிடித்த அதே கிரிக்தான். முப்புரிச் சுருள் என்ற அடிப்படையை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் மெட்ராஸ் மாடலில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று நெருங்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன, இது நடக்காத காரியம் என்றார்கள். மெட்ராஸ் மாடலில் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு. அவர்கள் மாடலில் ஒன்றுதான்.

இது சின்ன விஷயம் இல்லை. ஒரு 3டி மாடலைப் பார்த்து அணுக்கள் இடிக்கின்றன என்று சொல்வது, ஒரு கட்டட வரைபடத்தைப் பார்த்து இரண்டு தூணும் ஒரே இடத்தில் நிற்கின்றன என்று சொல்வது மாதிரி. அதுவும் சொன்னவர்கள் கேம்பிரிட்ஜ்காரர்கள். கிண்டியில் இருந்ததோ சில வருடமே ஆன ஒரு துறை. உலகம் யார் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்?

ராமச்சந்திரன் பதிலுக்கு எடுத்த கேள்வி எளிமையானது. நெருங்கக்கூடாத அளவு, நெருங்கக்கூடாத அளவு என்கிறோமே, அந்த அளவு எவ்வளவு? யார் அதை அளந்தார்கள்? ஆளுக்கொரு எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் மாடலை இன்னொருவர் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தால் விவாதம் முடியாது. அதனால் அவரும் அவர் மாணவர்களும் அதுவரை வெளியான அமினோ அமிலப் படிகங்கள், சின்ன பெப்டைட் படிகங்கள் எல்லாவற்றின் அமைப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நிஜமான படிகங்களில் கார்பனும் கார்பனும் எவ்வளவு கிட்டே வருகின்றன, கார்பனும் ஆக்சிஜனும் எவ்வளவு, ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் எவ்வளவு என்று ஒரு பட்டியல் போட்டார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லை: சாதாரணமாக இருக்கும் குறைந்த தூரம் ஒன்று, அபூர்வமாகத் தொடும் கடைசி எல்லை ஒன்று. உதாரணமாக, பிணைப்பில் இல்லாத இரண்டு கார்பன்களுக்கு 3.2 ஆங்ஸ்ட்ராம் சாதாரண எல்லை, 3.0 கடைசி எல்லை. ஹைட்ரஜன் ஜோடிக்கு 2.0, 1.9.

பட்டியல் முடிந்தபோது, நடக்காது என்று சொல்லப்பட்ட அளவுக்கு நெருக்கமான இடைவெளிகள் நிஜப் படிகங்களில் இருப்பது தெரிந்தது. ஹைட்ரஜன் பிணைப்பு விஷயத்தில் மட்டும், பிற்காலத்தில் நுணுக்கமாக எடுத்த படிக அமைப்புகள் ரிச், கிரிக் சொன்ன ஒரு பிணைப்புக்கே சாதகமாக வந்தன. ஆக, கயிறு முறுக்கிய விதம் மெட்ராஸ் சொன்னது, முடிச்சு போட்ட விதம் கேம்பிரிட்ஜ் சொன்னது. ஆனா கதை அத்தோட முடிஞ்சிருந்தா இந்தக் கட்டுரையே தேவையில்ல. சண்டைக்காகப் போட்ட அந்தப் பட்டியல்தான் எல்லாத்தையும் விட பெருசா வளர்ந்தது.

இரண்டு கோணம், ஒரு தாள்

கொலாஜனுக்கு மட்டும் ஏன் இந்தச் சோதனை? எந்தப் புரதத்துக்கும் போடலாமே என்று ராமச்சந்திரன் யோசித்தார். கூட வேலை செய்தவர்கள் வி.சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. ஒரு அமினோ அமிலத்தை அடுத்ததோடு இணைக்கும் பகுதியில் ஆறு அணுக்கள் ஒரே தளத்தில், ஒரு சீட்டு அட்டை மாதிரி தட்டையாக இருக்கும். இது முன்பே லைனஸ் பாலிங் காட்டியது. இரண்டு அட்டைகளை மூலையோடு மூலை சேர்த்துக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மூலைதான் ஆல்பா கார்பன். இந்தப் பக்கத்து அட்டை அந்த மூலையில் சுழலலாம், அது ஃபை கோணம். அந்தப் பக்கத்து அட்டையும் சுழலலாம், அது சை கோணம். அவ்வளவுதான். சங்கிலி எவ்வளவு சிக்கலாக மடிந்தாலும், ஒவ்வொரு மூலையிலும் இரண்டே இரண்டு கோணம்.

இதை டேட்டா கண்ணோட பாருங்க. 100 அமினோ அமிலம் உள்ள ஒரு புரதத்துல நூற்றுக்கணக்கான அணுக்கள், ஒவ்வொன்னுக்கும் எக்ஸ், ஒய், இசட்னு மூணு எண்கள். திரையில சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாலும் எந்த இடம் தப்புன்னு கண்ணால கண்டுபிடிக்கறது கஷ்டம். ஆனா ஃபை ஒரு அச்சு, சை ஒரு அச்சுன்னு வெச்சா, சங்கிலியின் முதுகெலும்பு முழுக்க சுமார் 100 புள்ளியா ஒரே தாள்ல வந்து உக்காந்துடும்.

அடுத்து, அந்தத் தாளில் எங்கெல்லாம் புள்ளி விழலாம், எங்கெல்லாம் விழக்கூடாது என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு ஃபை, சை ஜோடிக்கும் அணுக்களின் இடங்களைக் கணக்கிட்டு, அவற்றுக்கு இடையே உள்ள தூரங்களை எல்லாம் எடுத்து, முன்பு போட்ட பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒரு தூரம் எல்லைக்குக் கீழே போனாலும் அந்த ஜோடி தடை. 10 டிகிரி இடைவெளியில் போட்டாலே 36க்கு 36, அதாவது 1,296 ஜோடிகள். ஒவ்வொன்றிலும் பல தூரங்கள். இன்றைக்கு பைத்தானில் இரண்டு ஃபார் லூப், சில நொடி. அன்றைக்கு மேஜைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கையால் போட்டார்கள்.

முடிவில் வந்த வரைபடம் ஆச்சரியமானது. தாளில் பெரும்பகுதி காலி. கிளைசின் தவிர்த்த அமினோ அமிலங்களுக்கு, கடைசி எல்லை வரை தாராளமாக விட்டாலும் அனுமதிக்கப்பட்ட இடம் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்போது தெரிந்திருந்த ஆல்பா சுருள், பீட்டா அமைப்பு, கொலாஜன் எல்லாம் அந்தச் சின்னத் தீவுகளுக்குள்ளேயே விழுந்தன. பக்கச் சங்கிலி இல்லாததால் கிளைசினுக்கு மட்டும் பெரிய இடம். எந்தச் சோதனைக் கூடத்துக்கும் போகாமல், அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கக் கூடாது என்ற ஒரே விதியிலிருந்து இத்தனையும் வந்தது.

1963இல் ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜியில் ஐந்தே பக்கக் கட்டுரையாக இது வெளியானது. இன்று உலகம் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்கிறது. இப்போது பாடப்புத்தகத்தில் பார்க்கும் மைனஸ் 180 முதல் 180 வரையிலான கோண அளவு முறை 1970 வாக்கில் வந்த மாற்றம். மற்றபடி வரைபடம் அதேதான்.

புரத அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் உலகப் பொது வங்கியில் இப்போது 2 லட்சத்துக்கு மேல் அமைப்புகள் இருக்கின்றன. புதிதாக ஒன்றை அங்கே சேர்க்கும்போது வரும் சரிபார்ப்பு அறிக்கையில், எத்தனை புள்ளிகள் ராமச்சந்திரன் எல்லைக்கு வெளியே விழுந்தன என்ற கணக்கும் இருக்கும். ஆல்ஃபாஃபோல்டு போன்ற ஏஐ கொடுக்கும் படத்தையும் அதே தாளில் போட்டுப் பார்க்கிறார்கள். தன் மாடலை ஒருவர் கேள்வி கேட்டதால் செய்த அளவுகோல், இப்போது எல்லோருடைய மாடலையும் கேள்வி கேட்கிறது.

நிழலிலிருந்து உருவம்

27 வருடம் துணைவேந்தராக இருந்த முதலியார் 1969இல் ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் ராமச்சந்திரனும் மெட்ராஸை விட்டுக் கிளம்பினார். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்திலேயே மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உருவாக்கினார். சிகாகோ பல்கலைக்கழகத்திலும் வேலை செய்தார். இந்த மாற்றங்களுக்கு நடுவில்தான், 1971இல், ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து அடுத்த பெரிய வேலை வெளியானது.

கேள்வி இதுதான். ஒரு பொருளை எக்ஸ்ரே எடுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து ஒரே நிழல் கிடைக்கும். பல கோணங்களிலிருந்து பல நிழல்கள் எடுத்தால், உள்ளே எந்தப் புள்ளியில் என்ன அடர்த்தி என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று யோஹான் ராடான் என்ற ஆஸ்திரியக் கணித மேதை 1917லேயே காட்டியிருந்தார். ஆனால் அதை வேகமாக, துல்லியமாகக் கணக்குப் போடுவது வேறு விஷயம். அப்போது பலர் போன வழி ஃபூரியே மாற்றம். எல்லா நிழல்களையும் மாற்றி, ஒரு கட்டத்தில் அடுக்கி, இடையில் விட்டுப்போன எண்களை ஊகித்து நிரப்பி, மறுபடி திருப்பி மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரின் நினைவகம் சின்னதாக இருந்த காலத்தில் இது பெரிய சுமை. ஊகித்து நிரப்புவதில் பிழையும் சேரும்.

சுலபமாகத் தோன்றும் இன்னொரு வழி, ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திருப்பி இழுத்துப் பூசி, எல்லாவற்றையும் கூட்டுவது. இதில் உருவம் வரும், ஆனால் கலங்கலாக வரும். ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியைச் சுற்றி ஒரு மங்கல் வட்டமும் சேர்ந்து நிற்கும்.

ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் சொன்னது: பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டியில் போட்டு எடுங்கள். அந்த வடிகட்டியின் எண்கள் பார்க்க அழகானவை. நடுவில் ஒரு நேர்மறை எண். அதற்கு இரண்டு பக்கமும் 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடங்களில் எதிர்மறை எண்கள். தூரம் கூடக்கூட, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சிறியதாகிக்கொண்டே போகும். இரட்டைப்படை இடங்களில் எல்லாம் பூஜ்யம். இப்படி வடிகட்டிய நிழலில் ஒவ்வொரு மேட்டுக்கும் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கும். எல்லாத் திசையிலிருந்தும் பூசும்போது அந்தப் பள்ளங்கள் மங்கல் வட்டத்தைக் கழித்துவிடும், புள்ளி மட்டும் தெளிவாக நிற்கும். சிக்னல் பிராசஸிங்கில் கன்வல்யூஷன் படிச்சவங்களுக்கு இது ஒரு பக்கக் கணக்கு. இன்னொரு வசதி, ஒவ்வொரு நிழலும் வர வர அதை முடிச்சிடலாம். எல்லாம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ரேடியோ வானியலில் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967லேயே இதே மாதிரி ஒரு வழியை அடைந்திருந்தார்கள். ஆனால் எக்ஸ்ரே படம், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் ஆகியவற்றுக்கு இந்த முறையைக் கொண்டுவந்த கட்டுரை இவர்களுடையது. அதே 1971 அக்டோபரில்தான் லண்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் மூளையை சிடி ஸ்கேன் எடுத்தது. ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் 1979இல் நோபல் பெற்றார்கள். பின்னால் வந்த சிடி இயந்திரங்கள் வேகமானதற்கு வடிகட்டிப் பூசும் முறை முக்கியக் காரணம். அந்த வடிகட்டியின் பெயர் இன்றைக்கும் ராம்-லாக். மாட்லாபில் ஐராடான் என்று அடித்து, வடிகட்டி எதுவும் குறிப்பிடாமல் விட்டால் அது தானாக எடுத்துக்கொள்வது ராம்-லாக்தான்.

நெட்டப்பாக்கம், கரியமாணிக்கம் பக்கத்திலிருந்து தலையில் அடிபட்டவரை ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு ராமச்சந்திரன் யாரென்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மண்டையைத் திறக்காமலே உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா என்று டாக்டர் சில நிமிடத்தில் சொல்லிவிடுகிறார். அந்தச் சில நிமிடத்துக்குள் இந்தக் கணக்கின் பங்கும் இருக்கிறது.

கடைசி வருடங்கள்

1961இல் பட்நாகர் விருது, 1977இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999இல் உலகப் படிகவியல் சங்கத்தின் எவால்ட் பரிசு என்று மரியாதைகள் வந்தன. நோபல் மட்டும் வரவில்லை. 1970களின் கடைசியில் அவர் கவனம் தர்க்கத்தின் பக்கம் திரும்பியது. சமண மரபின் தர்க்க முறையை அணிகளாகவும் வெக்டார்களாகவும் எழுதிப் பார்த்தார். பிற்காலத்தில் பார்கின்சன் நோய் அவரைத் தளர்த்தியது. 1998இல் மனைவி ராஜலட்சுமி இறந்தார். 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் ராமச்சந்திரன் காலமானார்.

அவர் மகன் ரமேஷ் நாராயண் வானியற்பியலாளர். 2019இல் முதல் கருந்துளைப் படத்தை வெளியிட்ட ஈவன்ட் ஹொரைசன் டெலஸ்கோப் குழுவில் அவரும் இருந்தார். அந்தப் படமும் கேமராவில் நேராக எடுத்தது இல்லை. குறைவான டேட்டாவிலிருந்து கணக்குப் போட்டு மீட்டது, பிறகு சிமுலேஷன்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தது.

நம்ம லேப் வரைக்கும்

சிடி ஸ்கேன் ஒவ்வொரு வெட்டாகக் கொடுக்கும். வெட்டுகளை அடுக்கினால் ஒரு 3டி எண் கட்டை கிடைக்கும். அந்தக் கட்டையிலிருந்து எலும்பின் மேற்பரப்பை மட்டும் எப்படிப் பிரித்து வரைவது என்பதற்காக 1987இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் லாரன்சனும் கிளைனும் மார்ச்சிங் கியூப்ஸ் என்ற முறையை வெளியிட்டார்கள். அதே நிறுவனத்தில் இருந்த ஷ்ரோடர், மார்ட்டின், லாரன்சன் மூவரும் 1993இல் விடிகே என்ற மென்பொருள் தொகுப்பைக் கொடுத்தார்கள். அதன் மேல் கட்டப்பட்டதுதான் பாராவியூ. ஓப்பன்ஃபோம் ரிசல்ட்டை விடிகே ஃபைலா எழுதி, பாராவியூல திறந்து, கான்டூர் ஃபில்டரை அழுத்தறோமே, அந்த வழி ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையிலிருந்து வந்த வழி.

கருவி வந்து சேர்ந்துடுச்சு. கேள்வியும் கூடவே வரணும். நம்ம டேட்டாவுக்கும் தடைப் பகுதி உண்டு. கெல்வின்ல வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அடர்த்தி மைனஸ்ல வராது. தண்ணீரும் காத்தும் கலந்த கணக்குல தண்ணீரின் பங்கு 1ஐத் தாண்டாது. ஆனா கலர் அளவுகோலை நாமளே 0 முதல் 1 வரைன்னு கட்டிட்டா, 1.3 வந்த செல்லும் அதே சிவப்புலதான் தெரியும். செல்லோட எண்ணைப் புள்ளிகளுக்குப் பகிர்ந்து வழவழன்னு காட்டினா, ஒரு செல்லில் மட்டும் இருக்கற தப்பு பக்கத்துல கரைஞ்சுடும். படம் அழகாயிடும், தப்பு உள்ளேயே இருக்கும். நம்ம ஊர்ல இல்லாததைச் சொன்னா கயிறு திரிக்கறான்னு சொல்வாங்க. நல்லா ரெண்டர் பண்ணின படமும் கயிறு திரிக்கும்.

அதனால அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி ராமச்சந்திரன் வழியில ஒரு தடவை போய்ப் பாருங்க. முதல்ல, எந்த எண் வரவே கூடாதுன்னு ஒரு பட்டியல். அப்புறம் த்ரெஷோல்டு ஃபில்டர் போட்டு அந்த எல்லைக்கு வெளியே இருக்கற செல்களை மட்டும் காட்டச் சொல்லுங்க. முடிஞ்சா, ஒன்னோடொன்னு தொடர்புள்ள இரண்டு அளவுகளை எடுத்து, எல்லா செல்லையும் ஒரே தாள்ல புள்ளியா போட்டுப் பாருங்க. எந்தப் புள்ளி தீவுக்கு வெளியே நிக்குதுன்னு தெரியும். அது மெஷ் தப்பா, பவுண்டரி கண்டிஷன் தப்பா, இல்ல நீங்க வெச்ச எல்லையே தப்பான்னு அங்கேயிருந்து தேட ஆரம்பிக்கலாம். எல்லையே தப்பா இருக்கவும் வாய்ப்பு உண்டு. நெருங்கக்கூடாத தூரம்னு எல்லாரும் நினைச்சிட்டிருந்ததை கிண்டியில ஒருத்தர் அளந்து பார்த்ததாலதான் நமக்கு அந்த வரைபடம் கிடைச்சது.